சந்தனம் வைத்த பிஸ்டல்

சிட்னியில் வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கமுன் பிஸ்டல் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் அரைமில்லி அண்ணைதான். ஒன்றல்ல, இரண்டு. குண்டுகள் வேறு பெட்டியில் பூட்டியிருக்கும். கைக்கொன்றாகப் பிடித்துப் பார்த்து எது நல்லது என்று சொல்லவேண்டும். சொன்னால்தான் வடை வரும்.

எழுபதுகளின் நடுப்பகுதி. பென்டில் ஹில்லில் அவருக்குப் பக்கத்து வீட்டில் நான் இருந்தேன். தொழிற்சாலையில் இயந்திரப் பாகங்களை அளந்து பார்ப்பது அவர் வேலை. எதைக் கண்டாலும் அரை மில்லி பிழை என்பார். பெயர் அப்படி வந்தது. பிஸ்டல்கள் இரண்டும் ஒரே கம்பனி, ஒரே உருக்குச் சட்டம். மூத்தது பழைய மொடல், இளையது பத்து வருஷம் பிந்தியது. பிடி எதில் வளைவு, விசை எதில் இளக்கம் என்று ஒரு கொப்பி நிறைய எழுதி வைத்திருந்தார். அதே பிஸ்டல் பாரம் குறைந்த அலுமினியத்திலும் வருகிறதாமே என்று ஒருமுறை வாய்தவறிக் கேட்டுவிட்டேன். "அலுமினியத்திலை அகப்பைதான் செய்யலாம்" என்றார். அன்று எனக்கு வடை வரவில்லை.

சுடுவதில்தான் கொஞ்சம் சிக்கல். குண்டுகள் திசைக்கொன்றாகப் போகும். பிழை சைற்றில் என்பது அவர் கட்சி. குழல் நுனியில் நிற்கும் சின்ன முனையும் பின்னால் உள்ள பள்ளமும்தான் சைற். அதைக் கழற்றி வேறு போடுவார், அமெரிக்காவில் இருந்து தபாலில் எடுப்பிப்பார், அரத்தால் ராவுவார். ஐம்பது தாண்டிய கண்ணைப் பற்றி மட்டும் யாரும் பேசக்கூடாது.

ஒருநாள் அவர் சுடப்போகிற கிளப் கடிதம் போட்டது. வருகிற ஞாயிறு சோதனையில் போதிய புள்ளி எடுக்காவிட்டால் அங்கத்துவம் போகும், லைசென்சும் போகும், பிஸ்டல்களைப் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும். அண்ணைக்குச் சோறு இறங்கவில்லை. அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். அக்கா என்னை வேலியடிக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, அதுகள் ரெண்டும் போச்செண்டால் மனுசன் அளவுகோலோடை குசினிக்கை வந்து தோசையை அளக்கும். நான் எங்கை போறது?"

சனிக்கிழமை ஆயுத பூசை. அப்போது எங்களுக்கு அங்கே கோயில் இல்லை, வீட்டில்தான். தையல் மெஷின், துளைபோடும் மெஷின், என் கார்த் திறப்பு எல்லாம் சாமிப் படத்துக்கு முன்னால் இருந்தன. பிஸ்டல்களும் இருந்தன. அக்கா எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தார். பிஸ்டலில் எங்கே வைப்பது என்று கொஞ்சம் யோசித்து, குழல் நுனியில் நின்ற முனையில், அண்ணை பார்க்கிற பக்கமாக வைத்தார்.

ஞாயிறு நான்தான் காரோடினேன். கிளப்பில் பெட்டியைத் திறந்த அண்ணை, முனையில் காய்ந்திருந்த சந்தனத்தைக் கண்டார். துடைக்க லேஞ்சியை எடுத்தார். பிறகு, "அவ வைச்சது" என்று மெல்லச் சொல்லிவிட்டு லேஞ்சியைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தார். அப்படியே சுட்டார். கறுப்பு இலக்கில் கறுப்பு முனை இத்தனை நாளும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சந்தனப் பொட்டுத் தெரிந்தது. குண்டுகள் நடுவில் போய் விழுந்தன.

வழி முழுக்க அண்ணை இலக்குத் தாளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து, துளை விழுந்த தாளை அக்காவிடம் நீட்டினார்.

"பிழை சைற்றிலை இல்லை. நாளைக்குக் கண்ணாடி எடுக்கப் போவம். நீரும் வாரும்."

கண்ணாடி வந்தது. ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் பெட்டியோடு குசினி வாசலில் போய் நிற்பார். அக்கா மாக் கையைக் கழுவிவிட்டு, அவசரப்படாமல் ஆறுதலாகச் சந்தனம் உரைத்துப் பொட்டு வைப்பார். வெளியே காரில் நான் காத்திருப்பேன். அவர்கள் இருவரையும் எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஒருநாளும் ஹோர்ன் அடித்ததில்லை.