நாற்பத்தேழாவது மணி உலா

கிருமி நுழையவே முடியாத இடங்கள் இரண்டு. ஒன்று சூரியன். மற்றது அந்த ஆஸ்பத்திரி. மூன்று ஆண்டுகளாக அங்கே ஒருவருக்குக்கூட ஆஸ்பத்திரிக் கிருமி தொற்றியதில்லை. இந்தச் சாதனையைச் செய்து முடித்தது ஒரு சக்கர நாற்காலி.

விதி எளியது. சேர்ந்து நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் தெரியவந்தால் அது வீட்டுக் கிருமி. அதற்குப் பிறகு தெரிந்தால் ஆஸ்பத்திரிக் கிருமி. ஆகவே நாற்பத்தேழாவது மணியில் நோயாளியை வாசலுக்கு வெளியே தள்ளிப் போய், தெருவைக் காட்டி, 'புதிதாக'ச் சேர்த்துக்கொள்வார்கள்.

தையல்காரம்மாவின் புருஷனுக்குக் கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்திருந்தது. ஆறு நாளில் மூன்று முறை தெருவைப் பார்த்தார். மூன்றாவது உலா முடிந்த மத்தியானமே காய்ச்சல். வயிற்றைத் தொட்டால் அலறினார். ஊசியில் எடுத்த வயிற்று நீர் கலங்கலாக வந்தது.

"வீட்டுக் கிருமி," என்றார் டாக்டர், ஃபைலைப் பார்த்து. "இன்னிக்குக் காலையிலதானே சேர்ந்திருக்கார்?"

"ஆறு நாளா இதே கட்டில்லதான் டாக்டர் கிடக்கறார்!"

"ஃபைல் பொய் சொல்லுமாம்மா?"

வீட்டுக் கிருமிக்குச் சாதாரண மருந்து, ஆஸ்பத்திரிக் கிருமிக்கு வீரிய மருந்து. ஃபைலுக்குப் பொருத்தமான மருந்து நோயாளிக்கு ஏறியது. இரண்டே நாளில் அவருக்குச் சிறுநீர் நின்றது, பேச்சு பிதற்றலானது. அப்போதுதான் பரிசோதனை முடிவு வந்தது. அது அந்த வார்டிலேயே குடியிருக்கும் கிருமி, வீரிய மருந்துக்குத்தான் கட்டுப்படும்.

கிருமிக் கட்டுப்பாட்டுக் குழு அவசரமாகக் கூடியது. தையல்காரம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"அந்த மருந்தைப் போடுங்களேன் சார்! யாரு வீட்டுக் கிருமியா இருந்தா என்ன?"

"போட்டா ஆஸ்பத்திரிக் கிருமின்னு எழுதணும். மூணு வருஷப் பேரு மண்ணாப் போயிடும்," என்றார் குழுத் தலைவர். ஆறு மேதைகள் கூடிய இடத்தில் வழி பிறக்காமலா போகும்? சட்டென்று அவர் முகம் மலர்ந்தது. "வீட்டுல அவருக்கு வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்தது யாரு?"

"நான்தான்."

"உடம்பு துடைச்சு விட்டது?"

"நான்தான் சார், வேற யாரு?"

"அப்ப உங்க வீடும் ஒரு ஆஸ்பத்திரிதானே! கிருமி அங்கதான் தொத்துச்சுன்னு கையெழுத்துப் போடுங்க. மருந்து இப்பவே ஏறும்."

தையல்காரம்மா படித்துக்கூடப் பார்க்காமல் போட்டார். இரண்டு நாள் முந்தி ஏறியிருக்க வேண்டிய மருந்து அன்று ஏறியது. மறுநாள் காலை அவர் புருஷன் போய்விட்டார்.

உடலை வாங்கப் போன தையல்காரம்மாவிடம் கிளார்க் ஒரு படிவத்தை நீட்டினார்.

"'சாவுக்குப் பொறுப்பான ஆஸ்பத்திரித் தலைவர்'னு இருக்குல்ல, அங்க ஒரு கையெழுத்து. கிருமி தொத்துன உங்க வீட்டு ஆஸ்பத்திரிக்கு நீங்கதானே தலைவர்! போட்டாத்தான் உடம்பைத் தருவோம்."

"இதுல எல்லாம் இங்கே இருக்கற பெரியவங்க போட மாட்டாங்களா தம்பி?"

"இந்தப் படிவம் அச்சடிச்சதோட சரிம்மா. இதுவரைக்கும் இங்க யாருக்கும் தேவைப்படல."

அறுபது டாக்டர்கள், ஒரு குழு, ஆறு மேதைகள் நிறைந்த அந்தக் கட்டடத்தில், ஒரு சாவுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்ட முதல் ஆள், துணி தைத்துப் பிழைக்கும் அந்த அம்மாதான்.