நிறுத்தாத சிவப்புப் பட்டன்

ஒரு பாதுகாப்புச் சாமானை வாங்கி மாட்டிவிட்டால், ஆபத்து அதைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிப் போய்விடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. நான் அந்த ரகம். இதைத் தட்டச்சு செய்ய இன்று எனக்குப் பத்து விரல்களும் இருக்கின்றன என்றால், அதற்குக் காரணம் நானும் இல்லை, நான் மாட்டிய சாமானும் இல்லை. என் நாத்தனார் மாலதி அக்கா.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஃபிளாட்டின் பின்பக்க அறையில் ஒரு சின்ன சிஎன்சி மெஷின் இருக்கிறது. கம்ப்யூட்டரில் எழுத்தை வரைந்து கொடுத்தால், வேகமாகச் சுழலும் ஒரு கட்டரால் அதைப் பலகையில் செதுக்கிவிடும். வாரமெல்லாம் வங்கி வேலை, ஞாயிற்றுக்கிழமை மரத்தூள் என்பது என் வாழ்க்கை. ஆபத்தில் நிறுத்துவதற்கென்று அரியமங்கலத்தில் ஒரு கடையில் காளான் மாதிரி பெரிய சிவப்புப் பட்டன் வாங்கி நானே இணைத்தேன். (இணைத்த அன்று அமுக்கிப் பார்த்தேன், நின்றது. அதற்குப் பிறகு தூசி தட்டியதோடு சரி.)

மாலதி அக்கா என் கணவர் ரகுவுக்கு மூத்தவர். திருவானைக்கோவிலில் புது வீடு கட்டியிருந்தார். தேக்குப் பலகையில் 'அன்பு இல்லம்' என்று செதுக்கித் தருவது என் பொறுப்பு. கிரகப்பிரவேசத்துக்கு முந்தைய நாள், செதுக்குவதைப் பார்க்க அவரையே வரவழைத்தேன். நன்றாகத் தெரியட்டும் என்று மெஷினைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டுவிட்டு உரை நிகழ்த்த ஆரம்பித்தேன். கண்ணாடி மாட்ட வேண்டும், தலைப்பைச் செருக வேண்டும், குனிந்து பார்க்கக் கூடாது.

"இந்தச் சிவப்புப் பட்டன்தான்க்கா முக்கியம். எது நடந்தாலும் ஒரு அமுக்கு, எல்லாம் நின்னுடும்."

"சரிம்மா. என் போன்ல சார்ஜ் இல்ல, எங்க போடறது?"

மெஷினுக்குக் கரண்ட் போகும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையே காட்டினேன். போனைச் சொருகிவிட்டு அதன் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

'அன்பு' அழகாக வந்தது. 'இல்' வரைக்கும் அழகுதான். அப்போதுதான் கவனித்தேன், பலகையைப் பிடித்திருந்த இரும்பு கிளாம்ப் ஒன்று அடுத்த எழுத்து விழ வேண்டிய இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. (மாட்டியது யார் என்று கேட்காதீர்கள்.)

பட்டனை அமுக்கினேன். மெஷின் கண்டுகொள்ளவில்லை. ரகு ஓடிவந்து, வராத லிஃப்டுக்கு நிற்கிறவர் மாதிரி அமுக்கிக்கொண்டே இருந்தார். கட்டர் மோதியதில் கிளாம்ப் தெறித்து, எங்கள் இருவருக்கும் நடுவே பறந்து, சுவர்க் கடிகாரத்தை உடைத்தது. பிடி விட்ட பலகை துள்ளியது. தேக்கு போகிறதே என்ற ஒரே கவலையில், அதைப் பிடிக்க நான் கையை நீட்டினேன். சுழன்றுகொண்டிருந்த கட்டருக்கு நேர் கீழே.

"கைய எடு" என்றபடி மாலதி அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். இன்னொரு கையால் பிளக்கைப் பிடுங்கினார். மெஷின் நின்றது.

"எல்லாம் நின்னுடும்னியே சுதா" என்றார் மூச்சு வாங்க.

மெஷினை இழுத்துப் போட்டபோது பட்டனுக்குப் போகும் வயர் கழன்றிருந்தது. என் இணைப்பில், பட்டனை அமுக்கினால்தான் 'நில்' என்ற செய்தி வயர் வழியாகப் போகும். வயர் கழன்றால் செய்தி ஏது? தலைகீழாகச் செய்திருக்க வேண்டும். அந்த வயரில் மின்சாரம் ஓடுகிறவரைதான் மெஷின் ஓட வேண்டும். பட்டனை அமுக்கினாலும் சரி, வயர் அறுந்தாலும் சரி, மெஷினின் கரண்டே துண்டிக்கப்பட வேண்டும். இப்போது அப்படித்தான் இருக்கிறது. வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு முறையும் அமுக்கிப் பார்த்துக்கொள்கிறேன்.

அன்று அக்காதான் காபி போட்டுக் கொடுத்தார்.

"பலகை வீணாப் போச்சேக்கா" என்று அழுதேன்.

"பலகை கடையில கிடைக்கும். விரலுக்கு எந்தக் கடைக்குப் போவ?"

பிறகு பலகையைத் தூக்கிப் பார்த்தார். 'அன்பு இல்', அதற்கப்புறம் ஓரம் வரை ஒரு கோணல் பள்ளம்.

"அன்பு இல்லைன்னு படிப்பாங்கக்கா" என்றார் ரகு.

"இல்லுன்னா வீடுதான்டா. நீ ஸ்கூல்ல என்னத்தப் படிச்ச?"

மறுநாள் அதையே வாசலில் மாட்டினார். வேறு செதுக்கித் தருகிறேன் என்று நானும் கெஞ்சாத நாளில்லை, கழற்ற விடமாட்டேன் என்கிறார். இப்போதெல்லாம் அந்த வீட்டில் காபியில் சர்க்கரை குறைகிறது என்று யாராவது வாய் திறந்தால், அக்கா நிதானமாகக் கேட்கிறார்:

"போர்டைப் படிச்சுட்டுத்தானே உள்ள வந்தீங்க?"