டைரியில் ஏறிய முதலை

நான் சரியான பயந்தாங்கொள்ளி. கரப்பான்பூச்சியைப் பார்த்தாலே கட்டில் மேல் ஏறிவிடுவேன். அப்படிப்பட்ட நான் செம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தையே நடுங்க வைத்தேன் என்றால் யாரும் நம்புவதில்லை.

இரண்டாயிரத்துகளின் தொடக்கம். ஆசிரியையாகச் சேர்ந்து மூன்றே மாதம், வேலை நிரந்தரமாகவில்லை. ஒரு தப்பு செய்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். (வீட்டில் அப்பா ஜாதகக் கட்டோடு காத்திருந்தார்.)

நூலக அலமாரியில் பூட்டிக் கிடந்த குழந்தைப் பாடல் புத்தகங்களை மூன்றாம் வகுப்புக்கு எடுத்துப்போய் வாசித்தேன். பிள்ளைகள் துள்ளினார்கள். "முதல் வரி நான் தரேன். மீதிப் பாட்டை நீங்க வீட்ல எழுதிட்டு வாங்க" என்றேன்.

எங்கள் பள்ளியில் வீட்டுப்பாடமும் அறிவிப்பும் ஒரே டைரியில்தான். பெற்றோர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். மணி அடித்த அவசரத்தில் 'பாட்டு எழுதுக' என்பதை விட்டுவிட்டு, வரியை மட்டும் கரும்பலகையில் எழுதினேன். நாற்பது பிள்ளைகளும் அதை அழகாக டைரியில் எழுதிக்கொண்டார்கள்:

'நம் பள்ளித் தண்ணீர்த் தொட்டியில் ஒரு முதலை இருக்கிறது.'

மறுநாள் காலை கேட் முன்னால் ஒரே கூட்டம். "போன வார மழையில ஏரிலேர்ந்து வந்திருக்கும்" என்றார் ஒரு அப்பா. சிலர் டைரியில் கையெழுத்தும் போட்டிருந்தார்கள்!

"அது பாட்டோட முதல் வரிதான் மேடம்" என்று ஓடிப்போய் விளக்கினேன். தலைமை ஆசிரியை அமைதியாகச் சொன்னார்: "பாட்டுன்னு சொல்றீங்க. இவங்க முன்னாடி தொட்டியத் தொறந்து காட்டுங்க மிஸ். உங்க வேலையப் பத்தி அப்புறம் பேசலாம்."

தொட்டி கழுவுகிற அண்ணன் தண்ணீரை வடித்துவிட்டு உள்ளே இறங்கினார். வேலை போய்விட்டது என்றே நினைத்து நின்றேன். திடீரென்று உள்ளிருந்து குரல்:

"மிஸ்ஸு! அடியில இன்னாவோ கீது!"

அலறினேன். கண்ணைத் திறந்தபோது தலைமை ஆசிரியையின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் மேலே தூக்கிக் காட்டியது, ஒரு பச்சை பிளாஸ்டிக் மக்.

"எழுதினவங்களே இப்படி நம்பினா, படிச்சவங்கள என்ன சொல்றது?" என்றார் தலைமை ஆசிரியை, மூச்சு வாங்கியபடி. கூட்டமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் என் வேலை தப்பியது. ஆனால் அங்கே இருந்த கடைசி நாள்வரை, நான் டைரிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வரியும் முதலில் அவர் மேஜைக்குப் போனது.

இப்போதும் வீட்டில் தரையடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பின் மூடியைத் திறந்தால் என் மகள் கேட்பாள்: "அம்மா, உன் முதலை சாப்பிட்டுச்சா?"

நானும் சிரிப்பேன், இரண்டடி தள்ளி நின்றுகொண்டு.