சேந்தமங்கலத்தில் நான் கண்டுபிடித்த ஏரி

பொறாமைக்காரன் கூர்மையாகப் பார்ப்பான் என்பது உண்மைதான். ஆனால் அடுத்தவர் மேசையைத்தான் பார்ப்பான். அனுபவத்தில் சொல்கிறேன்.

இப்போது ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். அதற்கு முன் சேலத்தில், செயற்கைக்கோள் படங்களை வைத்து நீர்நிலைகளைக் கணக்கெடுக்கும் திட்டம் ஒன்றில் தற்காலிக உதவியாளன். பக்கத்து மேசையில் கவிதா. திட்டம் முடிந்ததும் எங்களில் ஒருவருக்குத்தான் வேலை நீடிக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்தச் சமயம் பார்த்து, எடப்பாடிப் பக்கம் சீமைக்கருவேல மரங்களுக்குள் மறைந்திருந்த ஒரு குளத்தைக் கவிதா கண்டுபிடித்தாள். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத குளம். அலுவலகமே கைதட்டியது. அவள் எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். (நானும் தின்றேன். இனிக்கவில்லை.)

எனக்கும் ஒரு நீர்நிலை வேண்டும். குளம் போதாது, ஏரி வேண்டும். நான்கு நாள் ராடார் படங்களைத் துழாவினேன். சேந்தமங்கலம் அருகே கட்டம் கட்டியதுபோல் ஒரு கரிய பரப்பு கிடைத்தது. ராடார் படத்தில் அசையாத தண்ணீர் கறுப்பாகத்தான் தெரியும். அன்றே அறிக்கை எழுதிவிட்டேன்.

"நேர்ல போயிப் பாத்துட்டீங்களாங்க?" என்றாள் கவிதா. நேரில் பார்த்த பிறகே அறிக்கை எழுத வேண்டும் என்பது திட்டத்தின் விதியும்கூட.

"வானத்துல இருந்தே தெரியுதுங்க. இதுக்கு பஸ் வேற ஏறோணுமா?" என்றேன்.

மறுநாள் திட்ட அதிகாரி ஜீப்பை எடுத்தார். கவிதாவும் வந்தாள். ஆழம் அளக்கும் கழி, தண்ணீர் பிடிக்கப் பாட்டில்கள், ஒரு மிதவைச் சட்டை எல்லாம் ஏற்றிக்கொண்டேன். மிதவைச் சட்டையை ஜீப்பிலேயே மாட்டிக்கொண்டேன். (போட்டோ எடுப்பார்களே!)

ஜிபிஎஸ் கருவி காட்டிய இடத்தில், ஜவ்வரிசி தயாரிக்கும் ஒரு சேகோ ஆலையின் கேட் இருந்தது. உள்ளே ஏக்கர் கணக்கில் வழவழப்பான சிமென்ட் களம். ஒரு மூலையில் ஜவ்வரிசியைக் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா என் சட்டையை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க சாமி, எங்கீங்க வெள்ளம் வந்துருச்சு?"

வழவழப்பான சிமென்ட் தரையும் ராடாரில் தண்ணீரைப் போலவே கறுப்பாகத் தெரியும். பாடத்தில் படித்ததுதான். பொறாமையில் மறந்துபோயிருந்தது.

அதிகாரி கழியை எடுத்து என் கையில் கொடுத்தார். "வந்தது வந்துட்டோம். ஆழத்தை அளந்துருங்க தம்பி."

"செருப்பக் கழட்டிப்போட்டு எறங்குங்க சாமி, அரிசி காயுது" என்றார் அந்த அம்மா.

கவிதா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. கள ஆய்வுப் படிவத்தை எடுத்து, அழகான கையெழுத்தில் எழுதினாள்: "ஜவ்வரிசி உலர்களம். நீரின் ஆழம்: இல்லை."

வேலை அவளுக்கே கிடைத்தது. நான் பத்திரிகைக்கு வந்தேன். இரண்டு வருடம் கழித்து அவளையே கல்யாணமும் செய்துகொண்டேன். கட்டிக்கொண்டால் பொறாமை போய்விடும் என்று ஒரு கணக்கு. அது பெட்டி படுக்கையோடு கூடவே குடிவந்துவிட்டது.

இன்றும் மாதம் ஒருமுறை, எடப்பாடிக் குளம் வற்றிவிட்டதா என்று புதிய செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பார்க்கிறேன். போன வாரமும் கவிதாவிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

"ஏனுங்க, என்ர குளம் வத்திப்போச்சுங்களா?"

"இல்ல. ரொம்பியிருக்குது."

"அப்பச் செரி" என்று ஜவ்வரிசிப் பாயசத்தை என் முன்னால் வைத்தாள். "உங்க ஏரியக் குடிங்க."