மூன்று டிகிரி மாமனார்

மாமனாரைக் கவிழ்த்துவிடுவது என்று ஒரு திங்கட்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டே முடிவு செய்தேன்.

பதறாதீர்கள். ஆளை அல்ல, படத்தை. ஆளைக் கவிழ்க்கிற தெம்பு எனக்கு இருந்திருந்தால் இந்தக் கதையை வேறு யாராவது எழுதியிருப்பார்கள். நான் உள்ளே இருந்திருப்பேன்.

மாமனார் பெயர் வரதராஜுலு. காஞ்சிபுரத்தில் சௌக்கியமாக இருக்கிறார். முப்பத்தோரு வருஷம் ஒரு தொழிற்சாலையில் டைம் கீப்பராக இருந்தவர். அதாவது, வாசலில் நின்று யார் எத்தனை மணிக்கு உள்ளே வருகிறார்கள் என்று பார்ப்பதுதான் அவர் உத்தியோகம். பார்த்துப் பார்த்து அந்தப் பார்வை முகத்திலேயே தங்கிவிட்டது. எட்டு மணி ஷிப்டுக்கு எட்டு ஒன்றுக்கு வருகிறவனை எப்படிப் பார்ப்பாரோ, அப்படித்தான் கல்யாணத்தன்று என்னையும் பார்த்தார். முகூர்த்தத்துக்கு நான் இருபது நிமிஷம் முன்னதாகவே வந்திருந்தேன்.

அவர் ரிட்டயர் ஆன அன்று எடுத்த போட்டோ ஒன்றை என் மனைவி மோகனப்ரியா பெரிதாக்கி எடுத்து வந்தாள். பன்னிரண்டு அங்குலத்துக்குப் பதினெட்டு. சோபாவின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, "எப்படி கீது?" என்றாள்.

எப்படி இருக்கும்? என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இடது பக்கம் நகர்ந்தேன், பார்த்தார். வலது பக்கம் நகர்ந்தேன், பார்த்தார். தரையில் உட்கார்ந்தேன். சமையல்கட்டு வாசலில் இருந்து தலையை மட்டும் நீட்டினேன். மனிதர் விடுவதாக இல்லை.

"டிவி பக்கத்துல மாட்டணும்" என்றாள்.

எனக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் லீவு. ஞாயிறு மத்தியானம் லுங்கியைக் கட்டிக்கொண்டு, சோபாவில் நீட்டிப் படுத்து, வயிற்றின் மேல் பஜ்ஜித் தட்டை வைத்துக்கொண்டு கிரிக்கெட் பார்ப்பேன். எனக்கென்று இந்த உலகத்தில் இருக்கும் மூன்று மணி நேரம் அதுதான். டிவி பக்கத்தில் மாமனார் வந்து நின்றால் அதுவும் போச்சு. அவர் முன்னால் யாராவது லுங்கியில் படுக்க முடியுமா?

நல்லவேளையாக, நாங்கள் இருப்பது சேரப்பணஞ்சேரியில் வாடகை வீடு.

"ஆணி அடிக்கக் கூடாதுன்னு கனகம் அம்மா அக்ரிமென்ட்லயே எழுதி வாங்கிகினாங்களே பிரியா. அவங்க வூடு, அவங்க சுவரு. நான் இன்னா பண்றது?" என்றேன், முகத்தில் சோகத்தைத் தடவிக்கொண்டு.

"சரி, மாட்ட வேணாம். நிக்க வைக்கலாம்ல?"

"எப்படி நிக்கும்? படத்துக்குக் காலா கீது?"

"ஒண்ணு கேக்கறேன். நீங்க எந்த டிபார்ட்மென்ட்?"

"டிசைன்."

"இன்னா டிசைன் பண்றீங்க?"

"தகடுல பிராக்கெட்டு."

"பிராக்கெட்டுன்னா?"

"ஒரு பொருளை... கீழ விழாம... புடிச்சிகினு நிக்கிறது."

அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. மோகனப்ரியா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வெளியிலிருந்து வருகிற பார்ட்டை எல்லாம் சோதித்து, சப்ளையரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவன் வாயாலேயே அவன் தப்பைச் சொல்லவைப்பதுதான் அவள் வேலை. காலையில் ஏழு சப்ளையரை அழவைத்துவிட்டு சாயங்காலம் சிரித்த முகமாக கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவாள்.

நானாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தொழில் கர்வம் விடவில்லை. "இது இன்னா பெரிய விஷயம்? ஒரே தகடு. வெல்டிங் கிடையாது, ஸ்க்ரூ கிடையாது. வெட்டி வளைச்சா ஃப்ரேம் தானா நிக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

"பண்ணுங்களேன்" என்றாள்.

மறுநாள் காலை பல் தேய்க்கும்போதுதான் மேற்படி முடிவுக்கு வந்தேன். பண்ணுகிறேன். ஆனால் விழுகிற மாதிரி பண்ணுகிறேன்.

திட்டம் சுலபம். எங்கள் வீட்டில் எல்லாம் சாமி படமோ, ஆசாமி படமோ, குப்புற விழுந்துவிட்டால் அபசகுனம் என்று சொல்லித் துணியில் சுற்றி பீரோ மேல் ஏற்றிவிடுவார்கள். அப்புறம் அது வெள்ளையடிக்கும்போதுதான் இறங்கும். மாமனாரையும் அப்படியே ஏற்றிவிடலாம். பழியும் என் மேல் வராது, சகுனத்தின் மேல் போய்விடும்.

ஒரகடத்தில் ஆபீசுக்குப் போனதும் டீ குடிக்கிற நேரத்தில் உட்கார்ந்து வரைந்தேன். செவ்வகமாக ஒரு அலுமினியத் தகடு. படத்தைப் பிடித்துக்கொள்ள ஓரங்களில் சின்னச் சின்ன காதுகள், அவற்றை முன்பக்கம் மடித்தால் போதும். தகட்டின் நடுவில் ஒரு நாக்கை மூன்று பக்கம் வெட்டிப் பின்னால் வளைத்தால் அதுவே கால். மேஜைக் காலண்டருக்குப் பின்னால் அட்டைக் கால் இருக்குமே, அதே மாதிரி. உண்மையைச் சொன்னால், அழகான டிசைன்தான்.

இதில் சூட்சுமம் முழுக்கச் சாய்மானத்தில் இருக்கிறது. படம் பின்பக்கம் பதினைந்து டிகிரி சாய்ந்திருந்தால் கல்லு மாதிரி நிற்கும். நான் மூன்று டிகிரி போட்டேன். மூன்று டிகிரியில் நிற்கும், ஆனால் யோசித்துக்கொண்டே நிற்கும். ஃபேன் மூன்றில் ஓடினால் ஒன்றும் ஆகாது. ஐந்தில் வைத்தால் காற்று சுவரில் மோதித் திரும்பி முதுகில் ஒரு தள்ளு தள்ளும். மாமனார் குப்புற. என் பத்து வருஷ சர்வீஸில் விழவேண்டும் என்றே ஒரு பொருளை டிசைன் செய்தது அதுதான் முதல் தடவை. விழக்கூடாது என்று செய்து விழுந்ததெல்லாம் வேறு விஷயம்.

மேனேஜரிடம் சொல்லிவிட்டு ஸ்கிராப்பில் ஒரு துண்டுத் தகடு எடுத்துக்கொண்டு, தகட்டை வளைக்கிற பெண்டிங் மெஷினுக்குப் போனேன். அங்கே இசக்கிசெல்வி. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறாள். டிராயிங்கை ஒரு பார்வை பார்த்தாள்.

"சார், இது நிக்காதுல்லா."

"நிக்கும்மா."

"எப்படி சார் நிக்கும்? மூணு டிகிரின்னு போட்டிருக்கீய. தும்முனா முன்னால விழுந்துரும். பதினஞ்சு வளைக்கட்டுமா?"

"வேணாம். டிராயிங்ல இன்னா கீதோ அப்படியே வளை."

"பொறவு என்னையச் சொல்லக் கூடாது. இதுல எழுதுதேன், ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க."

எங்கள் தொழிற்சாலைகளில் இது வழக்கம். ஆபரேட்டருக்குச் சந்தேகம் வந்தால் டிராயிங்கிலேயே எழுதுவார்கள், நாங்கள் கையெழுத்துப் போடுவோம். ஒரு நாளைக்கு முப்பது போடுகிறேன். முப்பத்தொன்றாவதாக அதையும் போட்டேன். என்ன எழுதியிருக்கிறாள் என்று படிக்கவில்லை. எதைத்தான் படித்தேன்?

கீறல் விழக் கூடாது என்று ஃப்ரேமைப் பேப்பரில் சுற்றி, டேப் ஒட்டிக் கொடுத்தாள். நல்ல பெண்.

வீட்டில் மோகனப்ரியா ஃப்ரேமைப் பிரித்தாள். ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அளந்தாள். ஓரத்தில் விரலை ஓட்டி, "இங்க பிசிறு கீது" என்றாள். அரத்தால் தேய்த்துக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். கட்டின புருஷன் கையால் செய்துவந்த பொருளை இப்படியா பார்ப்பது? கடைசியில் படத்தைச் செருகி, டிவி பக்கத்தில் ஸ்டூல் போட்டு நிறுத்தினாள். நின்றது. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நல்லா கீதுங்க" என்றாள். எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. பஜ்ஜியை நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஞாயிறு வந்தது. மேட்ச் ஆரம்பித்தது. "ஸ்ஸ், இன்னா புழுக்கம்" என்று சொல்லிக்கொண்டே ஃபேனை ஐந்தில் வைத்தேன். மாமனார் ஒருமுறை ஆடினார். என்னை ஒரு கடைசிப் பார்வை பார்த்தார். டமால்.

நான் துள்ளி எழுந்தேன். "ஐயையோ! குப்புற விழுந்துட்டாரே! அபசகுனம் பிரியா! எடு, எடு, துணியில சுத்து, பீரோ மேல வச்சிரலாம்!"

அவள் சமையல்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். படத்தை நிமிர்த்திப் பார்த்தாள். ஒரு கீறலும் இல்லை.

"அபசகுனம் இல்லீங்க" என்றாள். "ரிஜெக்‌ஷன். உக்காருங்க."

நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். அவர்கள் கம்பெனியில் ஒரு பார்ட் கெட்டுப்போனால் ஐந்து தடவை ஏன் ஏன் என்று கேட்பார்கள். ஐந்தாவது ஏனில் ஆள் சிக்கிவிடுவான்.

"படம் ஏன் விழுந்துச்சு?"

"காத்து."

"காத்துக்கு ஏன் விழுந்துச்சு?"

"சாய்மானம் பத்தல போல."

"ஏன் பத்தல?"

"பெண்டிங்ல ஆபரேட்டர் தப்பா வளைச்சிட்டா. புதுப் பொண்ணு. ஊருக்குப் புதுசு."

இதைச் சொல்லும்போதே நாக்கு கூசியது. மோகனப்ரியா நோட்டுக்குள்ளிருந்து ஒரு பேப்பரை எடுத்துப் பிரித்தாள். நான்காக மடித்திருந்தது, ஓரத்தில் டேப் ஒட்டியிருந்தது. ஃப்ரேமைச் சுற்றி வந்த பேப்பர். சண்டாளி இசக்கிசெல்வி டிராயிங்கைக் கொண்டே சுற்றியிருக்கிறாள்!

"மெட்டீரியலோட வர்ற பேப்பர நாங்க தூக்கிப் போட மாட்டோம்" என்று சொல்லிவிட்டு என் மனைவி படித்தாள். "‘மூன்று டிகிரியில் நிற்காது என்று சாரிடம் சொன்னேன். அப்படியே வளைக்கச் சொன்னார்.’ கீழ கீறது உங்க கையெழுத்துதான?"

"மாதிரி... கீது."

"தெரிஞ்சே ஏன் மூணு டிகிரி போட்டீங்க?"

நாலாவது ஏன். ஐந்தாவதுக்கு நான் காத்திருக்கவில்லை. "உங்கப்பா என்னையே பாத்துகினு கீறாரு பிரியா! லுங்கி கட்ட முடியல, படுக்க முடியல, ஒரு பஜ்ஜி தின்ன முடியல!" என்று கொட்டிவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. படத்தின் மேல் கையை வைத்தாள்.

"முப்பத்தோரு வருஷம் அந்த வாசல்ல நின்னாருங்க. உள்ள போற வர்றவங்களை எல்லாம் அவரு பாத்தாரு. அவர யாரும் பாக்கல. அந்தக் கம்பெனில அவர எடுத்த போட்டோன்னு இது ஒண்ணுதான் கீது."

எனக்குச் சுருக்கென்றது. உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. ஒரு பஜ்ஜிக்காக இந்த மனிதரைக் குப்புறத் தள்ளினேனே என்று மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் நோட்டில் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.

"சரியான பார்ட் வர்ற வரைக்கும் லைன் சும்மா நிக்கக் கூடாது. அதுக்கு ஒரு டெம்பரரி ஏற்பாடு பண்ணணும்."

"இன்னா ஏற்பாடு?"

"அப்பாவையே வரச் சொல்லிடறேன். போட்டோ நிக்கிற வரைக்கும் அவரு உக்காந்துகினு இருக்கட்டும்."

"எங்க?"

டிவி பக்கத்து ஸ்டூலைக் காட்டினாள்.

"எ... எப்ப?"

"சனிக்கிழமை. மொத பஸ்ஸு."

திங்கட்கிழமை நான் போனபோது கம்பெனி கேட்டே திறக்கவில்லை. இந்தத் தடவை அலுமினியம் எல்லாம் கிடையாது. மூன்று மில்லி ஸ்டீல் தகடு. பதினைந்து டிகிரி. காலை அகலமாக்கி, ஓரங்களை மடித்து, கீழே ஒரு பட்டையும் சேர்த்தேன். பாலத்துக்குப் போடுகிற கணக்கை எல்லாம் அந்தப் படத்துக்குப் போட்டேன். வரைந்து வரைந்து திருத்தி வியாழக்கிழமைதான் முடித்தேன். வெட்டுகிற மெஷினில் என் முறை வர வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது.

"இப்பம் ஆனை முட்டுனாலும் விழாது சார்" என்றாள் இசக்கிசெல்வி.

"கையெழுத்து வேணுமா?"

"இதுக்கு எதுக்கு சார்? நல்லால்லா வரஞ்சிருக்கீய."

கேட் பாஸைப் பார்த்த செக்யூரிட்டி, ஃப்ரேமை ஒரு கையால் தூக்க முயன்று, அப்புறம் இரண்டு கையால் முயன்று, "போட்டோ ஃப்ரேமுன்னு போட்டிருக்கு, இது இன்னா சார், கதவா?" என்று கேட்டார். பைக்கில் முன்னால் வைத்துக்கட்டி, சேரப்பணஞ்சேரி வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். வீட்டில் ஸ்டூல் தாங்காது என்று டீப்பாயின் மேல் இறக்கி வைத்தேன். வைத்த சத்தத்தில் மாடியிலிருந்து கனகம் அம்மா, "யாரு அங்க ஆணி அடிக்கிறது?" என்று குரல் கொடுத்தார்.

மோகனப்ரியா ஸ்கேலால் அளந்தாள். ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை எடுத்து வைத்துப் பார்த்தாள். பதினைந்து. ஓரத்தில் விரலை ஓட்டினாள். பிசிறு இல்லை. படத்தைச் செருகினாள். நானே எழுந்துபோய் ஃபேனை ஐந்தில் வைத்தேன். திரைச்சீலை பறந்தது, பேப்பர் பறந்தது, மாமனார் இமைக்கவில்லை. விரலால் தள்ளினேன். தோளால் முட்டினேன். அசையவே இல்லை. என் வாழ்நாளில் நான் செய்த மிகச் சிறந்த டிசைன் அதுதான். இனி நானே நினைத்தாலும் அவரைக் கவிழ்க்க முடியாது.

"ஓகே" என்று மார்க்கரால் பின்பக்கம் எழுதினாள் மோகனப்ரியா. எனக்கு உயிர் வந்தது.

"சீக்கிரம் மாமாவுக்குப் போன் போட்டு வர வேணாம்னு சொல்லிடு பிரியா. பாவம், வயசானவரு. விடியக்காலம் பஸ்ல இடிபட்டுகினு எதுக்கு?"

"எங்க வராரு?"

"இங்கதான். நாளைக்கு. மொத பஸ்ஸு."

"நான் அவர கூப்பிடவே இல்லியேங்க" என்றாள், படத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே. "டெலிவரி தேதி சொல்லலன்னா எந்த சப்ளையர் வேலை செய்றாங்க?"