உண்ணாமலைக்குப் பிடித்த சிலேட்டு

"எழுத்து ரொம்பப் பொடிசா இருக்குதுடா பாலு. எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது."

அப்பா போனில் இப்படிச் சொன்னதுதான் ஆரம்பம். வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால், "வயசாச்சு இல்லீங்க" என்று விஷயம் முடிந்திருக்கும். பாலமுருகனிடம் சொல்லிவிட்டார். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஒரு குறையைக் காது கொடுத்துக் கேட்பதோடு நிற்பதில்லை. தீர்த்து வைத்துவிட்டுத்தான் மறுவேலை.

அப்பா சிவப்பிரகாசம் ஆரணியில் ஒரு பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டியே ஓய்வு பெற்றவர். அம்மா உண்ணாமலை பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. கல்யாணமான புதிதில், படிக்கத் தெரியவில்லையே என்று அவள் அழ, "எனக்குத் தெரியும் இல்ல? நான் படிக்கிறேன், நீ கேளு" என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து சாயங்காலமானால் கதை. வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்து பைண்டு செய்த புத்தகங்கள் அலமாரி நிறைய இருந்தன. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து படிப்பார். அம்மா எதிரே தரையில் உட்கார்ந்து "உம்" கொட்டுவாள். சண்டை போட்ட நாளில்கூடக் கதை நின்றதில்லை, "உம்" மட்டும் கொஞ்சம் முறைப்பாக வரும்.

அந்தக் கதை நின்றுவிடக் கூடாது என்பதுதான் பாலுவின் கவலை.

முதலில் புதுக் கண்ணாடிக்குப் பணம் அனுப்பினான்.

"எப்படிப்பா இருக்குது?"

"எறும்புக்கு றெக்கை முளைச்சிருக்குதுடா."

சரி என்று ஒரு பெரிய பூதக்கண்ணாடி வாங்கி அனுப்பினான். அதை யாரோ ஜன்னலோரம் புத்தகத்தின் மேலேயே வைத்துவிட, வெயில் பட்டு, கதாநாயகிக்குத் தாலி கட்டும் இடத்தில் பொசுங்கி ஓட்டை விழுந்தது. கல்யாணம் நடந்ததா இல்லையா என்பது இன்று வரை தெரியாது.

பிறகு ஒரு புத்தகம் முழுவதையும் பெரிய தாளில் பெரிய எழுத்தாக ஜெராக்ஸ் எடுத்து வந்தான். அப்பா அதைப் பிரித்தபோது, நாற்காலிக்கு மேலே வெறும் காகிதமும் கீழே இரண்டு கால்களும்தான் தெரிந்தன. இதுவரை எதற்கும் வாய் திறக்காத அம்மா இதற்குத் திறந்தாள்.

"இன்னாடா இது, தட்டி கட்டின மாதிரி! உங்கப்பா மூஞ்சியே தெரியல. வாணவே வாணாம்."

"மூஞ்சி எதுக்கும்மா? கதைதானே கேக்கப் போற?"

அதற்குள் அம்மா அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிவிட்டாள். பக்கத்து வீட்டில் ஸ்வர்ணலதாவின் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. தறி ஓடும் தெருவில் முதுகுப் பக்கம் பேசினால் எந்த மனுஷிக்குத்தான் கேட்கும்? அந்தத் தெருவே வாயசைவைப் பார்த்துக் குடும்பம் நடத்தும் தெரு.

இரண்டாயிரத்துப் பத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த நண்பன் ஜெயவேல்தான் அந்த யோசனையைச் சொன்னான். புத்தகம் படிப்பதற்கென்றே ஒரு கருவி வந்திருக்கிறது, ஆயிரம் புத்தகம் கொள்ளும், எழுத்தை எவ்வளவு பெரிதாகவும் ஆக்கலாம் என்றான். அவனிடமே பெரிதாக ஒன்று, சின்னதாக ஒன்று என இரண்டு இருந்தன. பாலு இரண்டையும் கடன் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை ஆரணி பஸ்ஸைப் பிடித்தான்.

கூடத்தில் இரண்டையும் வைத்து, கண் கூசாத திரை, வெயிலிலும் தெரியும் எழுத்து, வாரக்கணக்கில் நிற்கும் பேட்டரி என்று மூச்சு விடாமல் பிரசங்கம் செய்தான்.

"எதுப்பா உனக்கு வசதி?"

"எனக்கு எந்தச் சிலேட்டா இருந்தாலும் ஒண்ணுதான்டா. உங்கம்மாவைக் கேளு."

படிக்கத் தெரியாத அம்மாவைக் கேட்டுப் படிக்கும் கருவி வாங்குவதா என்று பாலுவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மா திரையைத் திரும்பியும் பார்க்கவில்லை. பெரியதை அப்பா கையில் கொடுத்து, எதிரே போய் உட்கார்ந்து பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். சின்னதை வாங்கி அவர் மடியில் வைத்து, மறுபடி போய் உட்கார்ந்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"இதான்டா சரி. மத்ததைக் குடுத்துடு."

அன்று சாயங்காலம் அப்பா சிலேட்டில் அரங்கேற்றம் செய்தார். களம்பூரில் அரிசி ஆலை நடத்தும் ஒரு விதவைக்கும் அவளிடம் நெல் இறக்க வரும் லாரிக்காரருக்கும் மனசு ஒத்துப்போகிற கதை. ஜெயவேல் அவசரத்தில் ஏற்றிக் கொடுத்தது என்ன கதை என்று பாலுவுக்கே தெரியாது, ஆனால் அருமையாக இருந்தது. நடுநடுவே அப்பா பொத்தானை அமுக்கிப் பக்கம் திருப்பினார். அம்மா "உம்" கொட்டினாள். இந்த ஒரு காட்சிக்காக எவ்வளவு அலைந்தாலும் தகும் என்று பாலுவுக்குத் தோன்றியது.

திடீரென்று கரண்ட் போனது. தறிகள் எல்லாம் ஒரேயடியாக ஓய்ந்தன. அந்த இருட்டிலும் அப்பா லாரியை ஓட்டிக்கொண்டே போனார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. வெளக்கு வரட்டும்" என்றாள் அம்மா.

அவர் கண்ணைப் பற்றி அவளுக்குத்தான் எத்தனை அக்கறை என்று பாலு நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை, பேட்டரி எவ்வளவு இருக்கிறதென்று பார்க்கச் சிலேட்டை எடுத்தான். திரையில் ஒரு எழுத்துகூட இல்லை. வரிசை வரிசையாகக் கட்டங்கள். பக்கம் திருப்பினால் மேலும் கட்டங்கள். கெட்டுப்போய்விட்டதே என்று பதறி ஜெயவேலுக்கு போன் போட்டான்.

"கெடவெல்லாம் இல்ல மச்சான். அதுல தமிழ் எழுத்தே கிடையாதாம், இப்பதான் தெரிஞ்சுது. தமிழ்னா பொட்டி பொட்டியாத்தான் வருமாம்."

"நேத்து எங்கப்பா படிச்சாரேடா!"

"அப்ப உங்கப்பாவை ஜல்தியா அமெரிக்காவுக்கு அனுப்பு. அந்தக் கம்பெனிக்காரன் கால்ல விழுவான்."

பாலு சிரிக்கவில்லை. சிலேட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனான். அப்பா வேட்டி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"இதுல இன்னாப்பா எழுதியிருக்குது?"

அப்பா சிலேட்டைப் பார்த்தார். பிறகு மகன் முகத்தை, நேராகப் பார்க்காமல் கொஞ்சம் ஓரமாகப் பார்த்தார். அதன் பிறகு அடுப்பங்கரைக் கதவு சாத்தியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார்.

"சுத்தி எல்லாம் தெரியுதுடா. நடுவுல மட்டும் கருப்பா ஒரு பொட்டு. எதைப் பாக்கணும்னு நெனைக்கிறேனோ அதுமேல போய் ஒக்காந்துக்குது. டாக்டர் கைவிரிச்சிட்டார். ரெண்டு வருஷமா ஒரு எழுத்து படிக்கல."

"அப்ப தெனம் படிச்ச கதை?"

"பழைய கதைங்களைக் கலந்து கட்டி ஓட்டிகினு இருக்கிறேன். பேஜாரான பொழப்புடா. போன மாசம் பாம்பு கடிச்சுச் செத்தவன் ஒருத்தன் இந்த வாரம் தவறிப்போய் எழுந்து வந்துட்டான். நல்லவேளை, உங்கம்மா கவனிக்கல. 'உம்'னுட்டா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது.

"அவளுக்குன்னு நான் ஒரு நகை செஞ்சு போடல, ஒரு ஊருக்குக் கூட்டிகினு போவல. இந்தக் கதை ஒண்ணுதான் குடுத்தேன். அதுவும் பூட்டுதுன்னு எப்படிடா சொல்லுவேன்? நீயும் சொல்லக் கூடாது."

பாலு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எழுத்தை எவ்வளவு பெரிதாக்கலாம் என்று இந்த மனிதரிடமா பிரசங்கம் செய்தோம் என்று நெஞ்சு வலித்தது.

அழுது முடித்ததும் பழைய புத்தி வந்துவிட்டது, இதையும் தீர்க்க வேண்டும். அம்மா அடுப்பங்கரையில் இருந்து வெளியே வந்தபோது, "கதை எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டான்.

அம்மா அவன் முகத்தையே பார்த்தாள். "உங்கப்பா படிச்சா நல்லா இருக்காதா இன்னா?"

போதும். வழி கிடைத்துவிட்டது. கதைகளைப் பேசிப் பதிவு செய்த சிடி கிடைக்கிறது. பெரிய பெட்டியாக ஒன்று வாங்கி வைத்துவிட்டால் அப்பா மூளையைக் கசக்க வேண்டாம், அம்மாவுக்கும் கதை நிற்காது. தினமும் போட்டுவிட மட்டும் ஒரு ஆள் வேண்டும். பக்கத்து வீட்டு ஸ்வர்ணலதாவை விட்டால் யார்? மாதம் தவறாமல் அம்மாவைத் தேவிகாபுரம் கோயிலுக்குக் கூட்டிப் போய் வருகிறவள் அவள்தான். பிரசாதத்துக்குப் பதில் ஒவ்வொரு தடவையும் வேலூர் பஸ் ஸ்டாண்டு மிக்சர் வந்ததைப் பற்றி வீட்டில் யாரும் யோசித்ததில்லை.

தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் பக்கத்தில் போய் நின்று, அப்பாவின் கண்ணைப் பற்றிச் சொன்னான். கட்டங்களைப் பற்றியும், வாங்கப் போகும் சிடி பெட்டியைப் பற்றியும் சொன்னான்.

"அப்பாவுக்குக் கண்ணு இல்லன்னா இன்னா சித்தி? அம்மா காதால கேட்டுட்டுப் போறாங்க. நீங்க தெனம் சாயங்காலம் போட்டு மட்டும் விடுங்க."

ஸ்வர்ணலதா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிரம்பியது. கையை நீட்டித் தறியை நிறுத்தினாள்.

"அக்காவுக்குக் காது சுத்தமா பூட்டுது பாலு, ஒரு வருஷம் ஆவுது, கோயிலுன்னு சொல்லிகினு மாசாமாசம் வேலூர் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிகினு போறேன். இது தெரிஞ்சா அவரு கதை படிக்கிறதை நிறுத்திடுவாருன்னு, வாயைப் பாத்துப் பாத்து 'உம்' கொட்டிகினு இருக்குது."