டேப்லெட்டில் இறங்கிய சித்தர்

முத்தியால்பேட்டை கல்யாண மண்டபத்தில் ஒரே தள்ளுமுள்ளு. ஓலையில் எழுதி அலுத்துப்போன சித்தர், இப்போது ஈபுக்கில் எழுத ஆரம்பித்துவிட்டாராம்! 'டிஜிட்டல் நாடி' அரிகிருஷ்ண சுவாமி என்று வாசலில் ஆளுயர பேனர்.

ஆணுக்கு வலது கட்டைவிரல், பெண்ணுக்கு இடது. மையில் ரேகை வைத்ததும் சுவாமி டேப்லெட்டைத் தட்டுவார். உங்கள் விதி புத்தகமாகத் திறக்கும். ஆனால் எழுத்து இருக்காது. வரிக்கு வரி காலிக் கட்டங்கள்.

"கர்மா மறைக்குது. என் ஞானக்கண்ணுக்குத்தான் தெரியும்" என்பார். பரிகாரம் முடிந்ததும் திரையின் வெளிச்சத்தைக் கூட்டி, "பாருங்க, கர்மா வெளுக்குது!" என்பார். ஜனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அட கண்ணராவியே!

ஆற்றுக்கு அந்தப்பக்கம் அரியாங்குப்பத்தில் இட்லிக்கடை வைத்திருக்கும் செல்வாம்பாள், மகள் சுடர்விழியை இழுத்துக்கொண்டு வந்தாள். மகளுக்கு டவுன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேராவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

சுவாமி கட்டங்களைப் பார்த்து முகம் சுளித்தார். "பொண்ணு ஆத்தத் தாண்டி வேலைக்குப் போனா உசுரு தங்காதும்மா. ஒரு மண்டலம் ஹோமம் பண்ணணும்."

செல்வாம்பாள் அழுதுவிட்டாள். "வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ உசுரோட இருந்தா போதும்டி."

"ஏம்மா, இப்ப இங்க வந்ததே ஆத்தத் தாண்டித்தானே?" என்றாள் சுடர்விழி.

"அது பக்தியில வந்தது" என்றார் சுவாமி. பக்தர்களுக்குப் பாலத்தில் தனி வழி போலும்!

"சரி சாமி. அது எந்த வரியில இருக்கு? விரல் வச்சுக் காட்டுங்க."

சுவாமி கம்பீரமாக விரலை வைத்தார். அவள் டேப்லெட்டை வாங்கி அமைப்புகளைத் திறந்தாள். "என் போன்லயும் நாவல் படிக்கிறப்ப இப்படித்தான் கட்டம் கட்டமா வந்துச்சு. தமிழ் ஃபாண்ட் மாத்துனேன், சரியாப்போச்சு."

தட்டினாள். கட்டமெல்லாம் ஓடிப்போய் எழுத்துகள் வந்து நின்றன. முன்வரிசையில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர், மகன் விசாவுக்காகப் பரிகாரம் செய்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் நீட்டினாள். "முசியே, சாமி விரல் வச்ச வரியைச் சத்தமாப் படிங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். "மாங்காயை நறுக்கி, உப்புப் போட்டு வெயிலில் வைக்கவும். ஈரக்கை படக்கூடாது."

முசியே பக்கத்தைத் தள்ளினார். எலுமிச்சை. இன்னும் தள்ளினார். நார்த்தங்காய். "அடப்பாவி! என் மகன் விசா ஊறுகா ஜாடியிலயாடா இருந்துச்சு?"

"சித்தர் மறைபொருளா..." என்று ஆரம்பித்த சுவாமி, சாப்பாட்டுக்கூடப் பின்கதவு வழியாக மறைந்தே போனார்.

திங்கட்கிழமை சுடர்விழி பஸ்ஸில் ஆற்றைத் தாண்டி வேலையில் சேர்ந்தாள். சாயங்காலம் பசியோடு வீடு திரும்பினாள். செல்வாம்பாள் அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

மண்டப வாசலில் ஒருத்தர், "வேற நல்ல சாமி யாராச்சும் இருக்காங்களா?" என்று இன்னும் விசாரிக்கிறாராம். ஐயா, எழுத்து தெரியாவிட்டால் ஃபாண்ட்டை மாற்றுங்கள். அடுத்தவன் மைடப்பாவில் கட்டைவிரலை வைக்குமுன், அதே கையால் உங்கள் தலையை ஒருதரம் தட்டிப் பாருங்கள், உள்ளே ஆள் இருக்கிறாரா என்று!